அடிக்கு எத்தனை நூல்?

என் மாடியறையில் மாதிரி ரயிலுக்கு மேசை அடிக்க வந்த தச்சர் அண்ணாச்சியிடம், தண்டவாளம் ஏறுகிற பலகை 2 சதவீதச் சரிவில் இருக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "சதவீதம்லாம் வட்டிக்கடையில பேசுதது தம்பி. அடிக்கு எத்தன நூலு வாட்டம்? அதச் சொல்லுங்க" என்றார். பாளையங்கோட்டையில் தளம் போடுகிற கொத்தனாரானாலும் கதவு இழைக்கிற தச்சரானாலும் சரிவை வாட்டம் என்றுதான் சொல்வார்கள். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஓர் அடிக்கு 96 நூல். ஆகவே அடிக்கு ஒரு நூல் உயர்ந்தால் அது 96-க்கு 1, இரண்டு நூல் உயர்ந்தால் 48-க்கு 1, மூன்று நூல் உயர்ந்தால் 32-க்கு 1. சதவீதத்தில் இவை ஏறத்தாழ 1, 2, 3 என்று வருகின்றன. மாதிரி ரயில்காரர்கள் எப்போதும் விவாதித்துக்கொண்டிருக்கும் மூன்று சரிவுகளும் நம் ஊர்ப் பட்டறை அளவில் முழு எண்களாக வந்து விழுந்ததில் எனக்கு அன்று உண்டான மகிழ்ச்சியை அண்ணாச்சியிடம் விளக்க முடியவில்லை.

ரயில்வேக்கு மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. இருப்புப்பாதையோரம் கை நீட்டியபடி நிற்கும் சிறிய கம்பங்களைப் பயணிகள் பார்த்திருப்பார்கள். கை மேல்நோக்கிச் சாய்ந்து அதில் 100 என்று எழுதியிருந்தால், அங்கிருந்து பாதை நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் ஏறுகிறது. கீழ்நோக்கிச் சாய்ந்தால் இறங்குகிறது. எல் என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் சமதளம். சதவீதத்தில் எண் கூடினால் ஏற்றம் கூடும், ரயில்வே கணக்கில் எண் குறைந்தால் ஏற்றம் கூடும் என்பதால், இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் குழம்பிய நாட்கள் எனக்குப் பல. இந்தக் கட்டுரையில் மூன்றும் கலந்தே வரும்.

என் மாதிரிப் பாதையின் மூலம் செங்கோட்டை மலைப்பாதை. 1904-இல் திறக்கப்பட்ட செங்கோட்டை – புனலூர்ப் பகுதி, பகவதிபுரத்தைத் தாண்டியதும் சுரங்கத்துக்குள் நுழைந்து, ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கேரளத்துக்குள் இறங்குகிறது. அதன் கடுமையான சரிவு 37-க்கு 1. மும்பைக்கு அருகே போர் காட் மலைப்பாதையில் இருப்பதும் இதே 37-க்கு 1 என்று அறிந்தபோது எங்கள் பக்கத்துப் பாதையின் மீது எனக்கிருந்த மதிப்பு இன்னும் கூடியது. சிறுவயதில் திருநெல்வேலியிலிருந்து கொல்லம் போகிற மீட்டர்கேஜ் வண்டியில், சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வயல்வெளியில் அலுங்காமல் வந்த வண்டிக்குச் செங்கோட்டையில் பின்னாலும் ஓர் எஞ்சினைக் கோத்துத் தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதுவரை ரயில் மேடேறும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. 2010-இல் மீட்டர்கேஜ் நிறுத்தப்பட்டு, 2018-இல் அகலப்பாதையாக அது திரும்பி வந்தது. சரிவு மட்டும் மலையின் சரிவாகவே இருந்துவிட்டது. நான் மாதிரி கட்டத் தீர்மானித்தபோது முதலில் எழுதி வைத்த எண் 37 தான். அங்கேதான் தவறினேன். ஏற்றத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றவற்றை அதற்குள் திணிக்கப் பார்த்தேன்.

சொல்லப்போனால் முதல் மாதிரியில் அந்த 37-ஐக்கூட நான் காப்பாற்றவில்லை. எட்டடிக்கு நாலடிப் பிளைவுட் ஒன்றின் மேல், 45 செ.மீ. ஆரத்தில் வளைத்து, ஒரு பாதை இன்னொன்றின் மேல் தாண்டிப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டதில், நீளம் போதாமல் 4 சதவீதத்தில், அதாவது 25-க்கு 1 என்ற சரிவில், தெர்மாகோலை ஆப்பு வடிவில் அறுத்து ஒட்டினேன். வுட்லாண்ட் சீனிக்ஸ் நிறுவனத்தார் ஃபோமில் ஏற்றத் துண்டுகளை 2, 3, 4 சதவீதங்களில் விற்கிறார்கள். கடையில் கிடைக்கிற அளவு என்றால் ஓடத்தானே செய்யும் என்பது என் எண்ணம். எஞ்சின் மட்டும் ஓடியது. நான்கு பெட்டிகளோடும் முக்கி முனகி ஏறியது. ஐந்தாவதைக் கோத்ததும் வளைவின் நடுவில் நின்ற இடத்திலேயே சக்கரம் சுழன்றது. குற்றம் எஞ்சினுடையது என்று நினைத்து அதைக் கழற்றி எண்ணெய் போட்டதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாயிற்று. எண்ணெய் சக்கரத்தில் வழிந்து மறுநாள் மூன்று பெட்டிகளைக்கூட இழுக்க மறுத்தது.

அதன் பிறகுதான் அளந்து பார்க்கலாம் என்ற புத்தி வந்தது. அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு மீட்டர் நீளப் பலகையில் தண்டவாளத்தைப் பொருத்தி, பெட்டி ஒன்றை வைத்து, பலகையின் ஒரு முனையை விசிட்டிங் கார்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி உயர்த்திக்கொண்டே போனால், பெட்டி தானாக உருளத் தொடங்கும் உயரமே அதன் உருளல் தடை. என்னிடம் இருந்தவற்றில் உலோகச் சக்கரம் பூட்டிய நல்ல பெட்டி 18 மி.மீ. உயரத்தில் நகர்ந்தது, பிளாஸ்டிக் சக்கரப் பெட்டி ஒன்று 32 மி.மீ. வரை அசையாமல் இருந்தது. பெரும்பாலானவை 25-ஐ ஒட்டி நகர்ந்தன. அப்படியென்றால் சமதளத்திலேயே என் பெட்டிகளை இழுக்க, அவற்றின் எடையில் 2.5 சதவீத விசை வேண்டும்.

இந்த எண்ணில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உண்மையான ரயில் மெதுவாகப் போகும்போது ஒரு டன்னுக்கு இரண்டு மூன்று கிலோ இழுவிசை இருந்தால் சமதளத்தில் நகர்ந்துவிடும். எஃகுச் சக்கரமும் எஃகுத் தண்டவாளமும் சேர்ந்தால் உராய்வு அவ்வளவு குறைவு. அதே ரயில் 37-க்கு 1 ஏற்றத்தில் ஏற டன்னுக்கு 27 கிலோ கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதாவது மொத்தச் சுமை பத்து மடங்குக்கு மேல் போகிறது. செங்கோட்டையில் பின்னால் ஓர் எஞ்சின் ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு இந்தக் கணக்கே விடை. மாதிரி ரயிலுக்கோ சமதளத்திலேயே தடை அதிகம் என்பதால், அதே சரிவில் சுமை இரண்டு மடங்கைச் சற்றுத் தாண்டுவதோடு நின்றுவிடுகிறது. உண்மை ரயிலுக்கு மிகக் கடினமான 3, 4 சதவீதங்களை நம் பொம்மைகள் ஏறிவிடுவது இதனால்தான். நீலகிரிப் பாதையில் கல்லாறு – குன்னூர் இடையே 12.5-க்கு 1 ஏறுவதற்குப் பற்சட்டமும் பற்சக்கரமும் வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டால், மாதிரிகளின் தைரியம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

அடுத்தது எஞ்சின். பெட்டியைக் கோக்கும் கொக்கியான கப்ளரில் நூலைக் கட்டி, அதை மேசை விளிம்பில் ஒரு சிறு உருளை மீது போட்டு, முனையில் ஐந்து கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் கோப்பையைத் தொங்கவிட்டேன். மருந்து ஊசியால் ஐந்தைந்து மில்லியாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே எஞ்சினை ஓட்டினால், சக்கரம் எப்போது வழுக்குகிறதோ அப்போது கோப்பையில் இருப்பதே அதன் இழுவிசை. 400 கிராம் எடையுள்ள என் எஞ்சின் 80 மில்லி வரை இழுத்தது. கோப்பையையும் சேர்த்தால் 85 கிராம். எல்லாச் சக்கரங்களும் ஓட்டுச் சக்கரங்களாக உள்ள மாதிரி எஞ்சின் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குவரை இழுக்கும் என்பது பொதுவான கணிப்பு, அதற்குள் வந்துவிட்டது.

பெட்டிகளின் எடையையும் ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1935-இல் தொடங்கப்பட்ட நேஷனல் மாடல் ரயில்ரோட் அசோசியேஷன் எச்.ஓ. அளவுப் பெட்டிகளுக்கு ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது: அடிப்படையாக ஓர் அவுன்ஸ், அதற்கு மேல் பெட்டியின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். எச்.ஓ. என்பது உண்மை ரயிலின் 87-இல் ஒரு பங்கு அளவு. என் பெட்டிகள் 25 செ.மீ., ஏறத்தாழ பத்து அங்குலம். ஆகவே ஆறு அவுன்ஸ், அதாவது 170 கிராம். ஏற்றத்தில் சுமை குறையட்டும் என்று பெட்டியை எடை குறைவாகவே விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வளைவில் முன்னால் எஞ்சின் இழுக்க, பின்னால் பெட்டிகள் கனக்க, நடுவில் இருக்கும் இலேசான பெட்டி உள்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். எனக்கு எட்டுப் பெட்டிகள் வேண்டும் என்று முடிவு செய்தேன். எட்டுக்குக் குறைந்தால் மேசையின் ஒரு பக்கத்துக்குள் முழு வண்டியும் அடங்கி, கொல்லம் வண்டி என்ற பாவனையே போய்விடுகிறது. எட்டுப் பெட்டி 1360 கிராம். சமதளத்தில் இழுக்க 34 கிராம் போதும். என் எஞ்சினின் 85-இல் மீதி 51 கிராம் இருக்கிறது. மலைக்கு நான் செலவழிக்கக்கூடியது அவ்வளவுதான்.

இனி எவ்வளவு உயர வேண்டும் என்ற கேள்வி. ஒரு பாதையின் மேல் இன்னொரு பாதை தாண்டிப்போக வேண்டுமானால், கீழ்த் தண்டவாளத்தின் தலையிலிருந்து மேலே உள்ள பாலத்தின் அடிவரை எச்.ஓ. அளவில் மூன்று அங்குலம், 76 மி.மீ., விட வேண்டும். அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட், 5 மி.மீ. கார்க், கட்டையும் தண்டவாளமுமாக இன்னொரு 5 மி.மீ.; எல்லாம் சேர்ந்து பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பாலத்தின் மேல் பிளைவுட்டுக்குப் பதிலாக 3 மி.மீ. அலுமினியப் பட்டையைப் போட்டால் 9 மி.மீ. மிச்சமாகும், 37-க்கு 1 சரிவில் அது 33 செ.மீ. பாதைக்குச் சமம். கர்டர் பாலம் வைப்பவர்கள் இதைத் தாராளமாகச் செய்யலாம். என்னுடையது கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தை நினைத்துக் கட்டுகிற கல்வளைவுப் பாலம். கல்பாலத்தின் தளம் தகடுபோல மெலிந்திருந்தால் பார்க்கிறவர் கண்ணை உறுத்தும். மேல்பாதை ஐந்து செ.மீ. ஏற, கீழ்ப்பாதை ஐந்து செ.மீ. இறங்கினால் பாதி நீளத்தில் வேலை முடியும் என்பது இன்னொரு வழி. என் அமைப்பில் பாலத்துக்கு அடியில் போவது செங்கோட்டை யார்டின் வாய். அங்கே தடம் பிரிக்கும் பாயின்ட்டுகள் இருப்பதால் அதைச் சரிக்க முடியவில்லை. வட்டத்தின் மேல் வட்டமாக ஏறும் சுருள்பாதையையும் யோசித்துப் பார்த்தேன். வண்டி உள்ளே போனால் வெளியே வரும்வரை கண்ணில் படாது என்பதால் விட்டுவிட்டேன்.

பத்து சென்டிமீட்டர் ஏற எவ்வளவு நீளம் கிடைக்கும்? இந்த முறை மேசை பன்னிரண்டு அடி நீளம், ஆறடி அகலம். இரு முனைகளிலும் 75 செ.மீ. ஆரத்தில் அரைவட்டம். யார்டின் கடைசிப் பாயின்ட்டிலிருந்து பாலம்வரை எனக்குக் கிடைத்தது ஐந்தரை மீட்டர் பாதை; அதில் 2.36 மீட்டர் அரைவட்டம். இந்த ஐந்தரையிலும் முழுவதையும் ஏற்றத்துக்கு எழுதிக்கொள்ள முடியாது. சமதளத்திலிருந்து ஏற்றத்துக்குப் பாதை மடங்கும் இடத்தில் மூலையிட்டாற்போல் மடங்கினால், நீண்ட எஞ்சினின் நடுச்சக்கரம் தண்டவாளத்தைவிட்டு எழும்பும், அல்லது முன்தகடு கட்டையில் உரசும். பக்கத்துப் பெட்டிகளின் கப்ளர்கள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நழுவி வண்டி இரண்டாகப் பிரியும். ஆகவே அடிவாரத்திலும் உச்சியிலும் 60 செ.மீ. நீளத்துக்குப் பாதை மெல்ல வளைந்து எழ வேண்டும், மெல்ல வளைந்து அடங்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் பாதி சமதளத்தின் பங்கிலும் பாதி ஏற்றத்தின் பங்கிலும் விழுவதால், கணக்கில் மொத்தம் 60 செ.மீ. கழிகிறது. மீதி 4.9 மீட்டர். பத்து செ.மீ. உயரத்தை அதில் சீராகப் பரப்பினால் கிடைப்பது 2 சதவீதத்துக்கு ஒரு மயிரிழை மேல். அண்ணாச்சியின் மொழியில் அடிக்கு இரண்டு நூல். அன்று காலை நான் அவரிடம் சொன்ன 2 சதவீதம் இப்படி வந்ததுதான். 37 என்ற ஆசையை அப்போது கைவிட்டிருந்தேன்.

அண்ணாச்சி ஜிக்சாவால் பலகையைப் பாதையின் வடிவிலேயே வகுந்து, முனையை மேசையோடு ஒட்டவிட்டு, மறுமுனையைத் தூக்கிக் கால்கள் கொடுத்தார். இந்த முறையில் பிளைவுட் தன் போக்கில் வளைந்து எழும்புவதால் அடிவாரத்து வளைவு தானாகவே அமைந்துவிடுகிறது. அந்த இடத்தில் பலகையை ஒட்டுப்போடாமல் இருந்தால் போதும். கால்களை முதலில் இரண்டு அடிக்கு ஒன்று வைத்திருந்தோம். ஐப்பசி மழையில் பிளைவுட் ஈரம் குடித்து, இரண்டு கால்களுக்கு நடுவே 2 மி.மீ. தொய்ந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த 2 மி.மீ., தொய்வின் ஓரத்தில் 1.3 சதவீதச் சரிவாகச் சேர்கிறது. வண்டி இரண்டு மீட்டருக்கு மேல் நீளம் என்பதால் மொத்த இழுவையில் வித்தியாசம் தெரியாது, கப்ளர்கள்தான் காட்டிக்கொடுத்தன. இப்போது ஒன்றரை அடிக்கு ஒரு கால்.

நேர்பாதையில் எட்டுப் பெட்டி வண்டி குறைசொல்ல முடியாதபடி ஏறியது. எஞ்சின் தன் சொந்த எடையையும் மேலே ஏற்ற வேண்டியிருப்பதால், அதையும் சேர்த்துக் கணக்குப்படி அங்கே 71 கிராம் சுமை. எஞ்சினிடம் 85 இருந்தது. முழு வண்டியும் அரைவட்டத்துக்குள் வந்ததும் நின்றுவிட்டது. பின்னாலிருந்து சுட்டுவிரலால் தொட்டால் போதும், நகரும். விரலை எடுத்தால் சக்கரம் சுழலும். பலகையில் குறை தேடி ரசமட்டத்தை மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். 50 செ.மீ. ரசமட்டத்தின் கீழ்முனைக்கு அடியில் 10 மி.மீ. சக்கை வைத்தால் 2 சதவீதச் சரிவில் குமிழி நடுவில் நிற்கும். எல்லா இடத்திலும் நின்றது. வாட்டத்தில் பிழையில்லை.

பிழை வளைவில் இருந்தது. வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தோடு உரசுவதால் ஏற்படும் தடை, சரிவு இல்லாத இடத்திலும் சரிவு இருப்பதுபோல எஞ்சினுக்குத் தெரியும். எச்.ஓ. அளவில் புழங்கும் கைக்கணக்கு, 32-ஐ அங்குலத்தில் உள்ள ஆரத்தால் வகுத்தால் எத்தனை சதவீதம் கூடுகிறது என்று வரும். என் 75 செ.மீ. ஆரத்துக்கு அது 1.08. முதல் மாதிரியின் 45 செ.மீ. வளைவுக்கு 1.8, நான்கு சதவீதம் என்று நான் நினைத்திருந்த ஏற்றம், வண்டிக்கு ஏறத்தாழ ஆறு சதவீதமாக இருந்திருக்கிறது. இந்தக் கணக்கை நான் முதலில் நம்பவில்லை; எங்கிருந்தோ வந்த 32 என்ற எண்ணை எதற்கு நம்ப வேண்டும்? இந்திய ரயில்வேயின் விதியை எடுத்துப் பார்த்த பிறகே நம்பினேன். 1750-ஐ மீட்டரில் உள்ள ஆரத்தால் வகுத்தால் வளைவின் பாகை வரும். அகலப்பாதையில் ஒரு பாகைக்கு 0.04 சதவீதம் வீதம், மீட்டர்கேஜில் 0.03 வீதம் வளைவில் சரிவைக் குறைக்க வேண்டும் என்பது விதி. என் 75 செ.மீ. வளைவை 87-ஆல் பெருக்கினால் 65 மீட்டர் ஆரம், 27 பாகை. அகலப்பாதைக்குப் பத்துப் பாகைதான் உச்சம், மீட்டர்கேஜுக்குப் பதினாறு; என் மேசையில் இருக்கும் வளைவை எந்தப் பொறியாளரும் அனுமதிக்க மாட்டார் என்பது வேறு விஷயம். 27-ஐ 0.04-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1.08. கைக்கணக்கும் ரயில்வே விதியும் ஒன்றே; அளவுகோல் மட்டும் 87 மடங்கு சிறுத்திருக்கிறது.

ஆக, அரைவட்டத்தில் என் வண்டி ஏறிக்கொண்டிருந்தது 2.08 சதவீதம் அன்று, 3.16 சதவீதம். சுமை 90 கிராம். எஞ்சினிடம் இருந்தது 85. ஐந்து கிராம் குறைந்த இடத்தில்தான் என் சுட்டுவிரல் நின்றிருக்கிறது.

ஏற்றம் முழுவதும் ஒரே சரிவாக இருக்க வேண்டும் என்று நான் ஏன் நினைத்தேன் என்று இப்போது யோசித்தால், அது அழகு என்ற எண்ணத்தைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. வண்டிக்கு ஒரே சுமையாக இருக்க வேண்டுமானால் சரிவு ஒன்றாக இருக்கக் கூடாது. வளைவில் குறைத்து, நேர்பாதையில் கூட்ட வேண்டும். 4.9 மீட்டரில் 2.36 வளைவு போக மீதி 2.54 நேர்பாதை. இரண்டிலும் சுமை சரிசமமாக வரும்படி பங்கிட்டால், நேர்பாதைக்கு 39-க்கு 1, வளைவுக்கு 68-க்கு 1 கிடைக்கிறது. அந்த 39-ஐத் தாளில் பார்த்தபோது கை சும்மா இருக்கவில்லை. இரண்டே இரண்டு குறைத்தால் 37. நேர்பாதையை 37-க்கு 1 என்று வைத்தேன். வளைவுக்கு அடிக்கு ஒன்றேகால் நூல், அதாவது ஏறத்தாழ 77-க்கு 1, போதும் என்று ஆனது. மொத்த உயரத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள். சுமை நேர்பாதையில் 82 கிராம், வளைவில் 76. சரிசமமாகப் பங்கிட்டிருந்தால் எங்கும் 79-ஐத் தாண்டியிருக்காது. மூன்று கிராம் இழுவையைச் செங்கோட்டைக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நீளம், அதே உயரம், அதே எஞ்சின். சரிவை முன்பைவிடக் கூட்டிய பிறகு வண்டி ஏறுகிறது.

இதைக் கேட்டதும் அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது நியாயம். எல்லாக் கால்களையும் கழற்றி மறுபடியும் அறுக்க வேண்டும். "ஒரே சாய்ப்பா இருந்துச்சுன்னா சோலி முடிஞ்சிருக்கும். நீங்க மேட்ட மேடாக்கி வளைவப் பள்ளமாக்கச் சொல்லுதீய" என்றார். பள்ளமில்லை, அங்கேயும் ஏற்றம்தான், சற்றுக் குறைந்த ஏற்றம் என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொள்ளாமலே துல்லியமாகச் செய்துகொடுத்தார். இந்த முறை ரசமட்டத்தை நம்பவில்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டத்தைக் கொண்டுவந்து, தண்ணீர் நிற்கும் உயரத்தை மேசையைச் சுற்றி எட்டு இடத்தில் குச்சி நட்டுக் குறித்து, ஒவ்வொரு காலின் உயரத்தையும் அந்தக் குறியிலிருந்து கீழே அளந்தார். ரசமட்டத்தில் அடிக்கு ஒரு மயிரிழை பிழைத்தால் பதினைந்து அடியில் அது கூடிக்கொண்டே போகும். தண்ணீருக்கு அந்தக் குணம் கிடையாது. நான் ஒரு சங்கதியை மட்டும் மறந்திருந்தேன்: 37-க்கு 1 என்பது அடிக்கு இரண்டரை நூலுக்குச் சற்று மேல். "சற்று மேலுன்னா?" என்று கேட்டார். 2.6 என்றேன். "அரை நூலுக்குக் கீழ எங்கிட்ட அளவு கிடையாது, தள்ளிப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

நிலையங்களில் ஏற்றம் வேண்டவே வேண்டாம். ரயில்வே விதியில் யார்டின் சரிவு 400-க்கு 1 என்பதைத் தாண்டக் கூடாது. 1200-க்கு 1 இருப்பது நல்லது என்பார்கள். என் நல்ல பெட்டி 55-க்கு 1-இல்தான் உருளுகிறது என்பதால் மாதிரியில் 100-க்கு 1 வரை கவலையில்லை என்று தோன்றலாம். மேசையில் முழங்கை இடித்தாலே பெட்டி நகரத் தொடங்கிவிடும். செங்கோட்டையையும் பகவதிபுரத்தையும் துளியும் சரிவில்லாத சமதளமாகவே வைத்திருக்கிறேன். நடுவில் நியூ ஆரியங்காவு போல ஒரு கிராஸிங் நிலையம் வேண்டும் என்று கடைசிவரை ஆசை இருந்தது. ஒரு மீட்டர் சமதளத்தையும் இரண்டு பக்கமும் வளைந்தடங்கும் நீளத்தையும் ஏற்றத்தின் நடுவிலிருந்து எடுத்தால், மீதிப் பாதை 30-க்கு 1 என்பதையும் தாண்டிவிடும். அதனால் அந்த நிலையம் இல்லை. பாயின்ட்டை ஏற்றத்தில் வைக்கலாம். அடிவார வளைவிலும் உச்சி வளைவிலும் மட்டும் வைக்கக் கூடாது, ஏனென்றால் பாயின்ட் வளையாது, வண்டி தடம்புரளும்.

இறக்கத்தில் இதே சரிவு வேறு மாதிரித் தொல்லை கொடுக்கும். எஞ்சினின் திருகுப் பல்லில் சிறிது தளர்வு இருந்தால், பின்னாலிருந்து பெட்டிகள் தள்ளும்போது எஞ்சின் விட்டு விட்டுக் குதித்துக் குதித்து இறங்கும். கடைசிப் பெட்டியின் அச்சில் மெல்லிய ஸ்பிரிங் கம்பி ஒன்றை உரசவிட்டேன், குதிப்பு நின்றது. ஏறும்போது அந்தக் கம்பியும் ஒரு கிராம் கேட்கிறது.

தண்டவாளத்தை ஸ்பிரிட்டில் துடைத்த நாட்களில் எட்டுப் பெட்டியும் ஏறுகின்றன; தூசி படிந்திருந்தால் பாலத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது எஞ்சின் சுழல்கிறது. எஞ்சினிடம் மீதி இருக்கும் இரண்டு கிராமை ஆடிக் காற்று கொண்டுவரும் தூசி சுலபமாகத் தின்றுவிடும். ஒன்பதாவது பெட்டியையும் சேர்த்தால் மொத்தம் 90 கிராமுக்கு மேல் வேண்டும். அதற்காக இதே தயாரிப்பில் இன்னோர் எஞ்சினை வாங்கி, வண்டியின் பின்னால் கோத்துத் தள்ளவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் அரைவட்டத்தில் நடுப்பெட்டிகள் வெளிப்பக்கமாகப் பிதுங்குகின்றன. யார்டு முனையில் நட்ட சரிவுக் கம்பத்தில் 37 என்று எழுதியாயிற்று. வளைவுத் தொடக்கத்துக்கான கம்பத்தில் 77 என்று எழுதுவதா, அண்ணாச்சி உண்மையில் அறுத்த அளவை அளந்து எழுதுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நேற்று அளந்தபோது 74 வந்தது.